சென் கில்டா: குடியொழிந்த தீவுக் கூட்டம்

தோற்றுவாய்

ஓர் ஊர் பாழ்படுதற்குரிய காரணங்கள் பல. போர், பஞ்சம், கொள்ளைநோய், கடல்கோள் என்பன வரலாற்று நூல்களிலே பெரிதும் எடுத்தோதப்படுவன. ஆயின், பசியையும் நோயையும் புயலையும் பல நூற்றாண்டுகளாகத் தாங்கி நின்ற ஓர் ஊர், ஈற்றில் உழைக்கும் கைகள் சிறிது சிறிதாகக் குறைந்தமையால் நிலைகுலைந்து, தம்மை அவ்விடத்தினின்றும் அகற்றுமாறு அதன் மக்களே அரசினரை வேண்டிக்கொண்ட வரலாறு அரிதாகவே காணப்படுகின்றது. அத்தகைய வரலாற்றினையுடையது சென் கில்டா என்னுந் தீவுக் கூட்டம். அதன் நிலவியல்பையும், ஆண்டு வாழும் புள்ளையும் விலங்கையும், ஆண்டு வாழ்ந்து நீங்கிய மக்களின் வரலாற்றையும் இக்கட்டுரையில் ஒருங்கே நோக்குவாம். இம்மூன்றும் தம்முட் பிணைந்தவை. ஒன்றை விடுத்து மற்றொன்றை விளங்கிக்கொள்ளல் அரிது.

நிலவியல்பு

ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹெப்றிடீஸ் தீவுகள் உள்ளன. அவற்றுள் மேலைக் கோடியிலுள்ள தீவுகளினின்றும் மேலும் 40 மைல் அளவில் அத்திலாந்திக் சமுத்திரத்தினுட் சென்றால் சென் கில்டாவை அடையலாம். இப்பெயரில் ‘சென்’ என்னும் அடைமொழி காணப்படினும், கில்டா எனப் பெயர் பூண்ட புனிதர் எவரும் இலர். பழைய தேசப்படங்களில் நேர்ந்த பிழையொன்றே இப்பெயராக நிலைத்தது என்பது அறிஞர் பலர் கருத்து.

இக்கூட்டத்தில் ஹேர்ட்டா, சோவே, போரரே, டூன் என்னும் நான்கு தீவுகளும், கடலினின்றும் தூண்கள்போல எழுந்து நிற்கும் பாறைகள் சிலவும் அடங்கும். மக்கள் நிலையாகக் குடியிருந்த தீவு ஹேர்ட்டா ஒன்றே. அதன் பரப்பு ஏறக்குறைய 2½ சதுர மைல்.

இத்தீவுகள் ஏறக்குறைய ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கனன்று அவிந்த எரிமலையொன்றின் எச்சங்களாம். அம்மலையின் பெரும்பகுதியைக் கடல் அரித்துக் கொண்டுபோக, எஞ்சிய விளிம்புகளே இன்று தீவுகளாய் நிற்கின்றன. ஹேர்ட்டாவின் கொனகர் என்னுஞ் சிகரம் 1,410 அடி உயரமுடையது. அதன் வடபுறம் சிகரத்தினின்றும் கடல்வரை ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குகின்றது. பிரித்தானிய நாட்டிலுள்ள கடலோர மலைச்சுவர்களுள் மிக உயர்ந்தது இதுவே. போரரேயின் அருகில் நிற்கும் ஸ்ராக் அன் ஆர்மின் என்னும் பாறைத்தூண் 643 அடி உயர்ந்தது.

தமிழிலக்கண நூலார் மலையைக் குறிஞ்சி என்றும் கடற்கரையை நெய்தல் என்றும் வகுத்தனர். இங்கோ குறிஞ்சியின் அடியிலேயே நெய்தல் கிடக்கின்றது. இடையில் மருதத்துக்கு இடமேயில்லை. மரமென்று சொல்லத்தக்கது ஒன்றேனும் இல்லை. உப்புக் காற்றும் புயலும் ஓயாது வீசுதலாற் புல்லும் பூண்டுமே செழிக்கும். தென்கிழக்கு நோக்கித் திறந்த குடாவொன்றே படகு கரைசேர ஏற்ற இடம். அதற்கும் டூன் தீவு தென்மேற்கே அணைபோற் கிடத்தலாலேயே ஓரளவு காவலுண்டு. குளிர்காலத்தில் மாதக் கணக்காகப் படகு அணுக இயலாதிருத்தல் இயல்பு.

புள்ளும் விலங்கும்

மண் வஞ்சித்த இவ்விடத்துக்குக் கடல் வழங்கியது பறவைச் செல்வம். நூறாயிரக் கணக்கான கடற்பறவைகள் ஆண்டுதோறும் இனப்பெருக்கத்தின் பொருட்டு இங்கு வந்து கூடுகின்றன. வெண்ணிற உடலும் கரிய சிறகு நுனியும் உடைய கனெற் என்னும் பெரிய பறவை போரரேயிலும் அதனையடுத்த பாறைத்தூண்களிலும் வாழும். 2004 ஆம் ஆண்டளவில் இங்கு ஏறக்குறைய 60,000 இணைகள் கூடு கட்டின. கடற்கிளி போன்ற வண்ண அலகினையுடைய பபின் மண்ணில் வளை தோண்டி முட்டையிடும். புல்மார் என்பது மலைச்சுவரின் விளிம்புகளில் ஒற்றை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். பகையை அணுகக் காணின் வயிற்றினின்றும் எண்ணெயைப் பீச்சி உமிழும் இயல்பினது. 1878 ஆம் ஆண்டுவரை பிரித்தானிய நாட்டில் இப்பறவை இனம் பெருக்கிய இடம் சென் கில்டா ஒன்றே.

தனிமை உயிரினங்களையும் வேறுபடுத்தும் என்பதற்கு இத்தீவுகள் சிறந்த சான்று. றென் என்னுஞ் சிறுகுருவி இங்குப் பெருநிலத்திலுள்ளதினும் பருத்துத் தனிக் கிளையினமாய் விளங்குகின்றது. வயலெலியும் அவ்வாறே, பெருநிலத்து வயலெலியினும் ஏறக்குறைய இருமடங்கு நிறையுடையது. மற்றொரு கிளையினமான வீட்டெலியும் முன்னர் இங்கிருந்தது. அதன் கதையைப் பின்னர்க் கூறுவாம்.

சோவே தீவிலே பண்டைநாள் தொட்டுக் காட்டு நிலையில் வாழ்ந்துவரும் சிறிய கருஞ்சிவப்புச் செம்மறிகள், ஐரோப்பாவின் மிகப் பழைய வீட்டுச் செம்மறி இனத்தின் எச்சங்கள் எனக் கருதப்படுகின்றன. ‘சோவே’ என்னுஞ் சொல் பழைய நோர்ஸ் மொழியிற் செம்மறித் தீவு எனப் பொருள்படும். எனவே வைக்கிங் மாலுமிகள் வந்த காலத்திலேயே அவை ஆண்டு இருந்தன என்பது தெளிவு.

மக்களின் வாழ்க்கை முறை

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் இங்கு வாழ்ந்தமைக்குத் தொல்பொருட் சான்றுகள் உள. 1697 இல் மாட்டின் மாட்டின் என்னும் அறிஞர் இத்தீவுக்குச் சென்று தங்கி, மறுவருடம் தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். அவர் காலத்தில் ஏறக்குறைய 180 பேர் ஹேர்ட்டாவில் வாழ்ந்தனர். அவர்கள் மொழி கேலிக். நிலம் மக்லவுட் குலத் தலைவர்க்கு உரியது. அவர்தம் காரியகாரர் ஆண்டுக்கொருமுறை வந்து குத்தகை பெற்றுச் செல்வர். காசு வழங்காத அத்தீவில் இறகும் பறவையெண்ணெயும் கம்பளித் துணியுமே குத்தகைப் பொருளாயின.

சூழ்ந்து கடலிருந்தும் இம்மக்கள் மீன்பிடித்தலைப் பெருந்தொழிலாகக் கொண்டிலர். கடலின் கொந்தளிப்பும் படகுக் குறைவும் அதற்குக் காரணம். வாற்கோதுமையும் ஓற்ஸ் தானியமும் பிற்காலத்தில் உருளைக்கிழங்கும் சிறிதளவே விளைந்தன. அவர்தம் உயிர்நிலை பறவைகளே. ஊனும் முட்டையும் உணவாயின. புல்மாரின் எண்ணெய் விளக்கெரித்தற்கும் மருந்துக்கும் உதவியது. இறகு குத்தகைக் கடனைத் தீர்த்தது. ஆடவர் தோலாலும் குதிரைமயிராலும் திரித்த கயிற்றை அரையிற் கட்டி, வெறுங்காலோடு மலைச்சுவரிலே இறங்கிப் பறவைகளைப் பிடித்தனர். மேலே கயிற்றைப் பற்றி நிற்போனின் கையிலேயே கீழே தொங்குவோனின் உயிர் இருந்தது.

பிடித்தவற்றை ஈரக்காற்று மிகுந்த நாட்டிற் கெடாது பேணுவது எவ்வாறு? இதற்கு இம்மக்கள் கண்ட வழி ‘கிளீற்’ என்னும் கற்கொட்டில். சாந்தின்றிக் கல்லை அடுக்கி, மேலே பெருங்கற்பலகைகளை மூடி, அவற்றின்மீது புற்கரணைகளை வேய்வர். மழை உட்புகாது, கல்லிடுக்குகளினூடே காற்று மாத்திரம் ஓயாது நுழைந்து உள்ளிருப்பவற்றை உலர்த்தும். பறவையும் முட்டையும் புல்லும் எரிக்கும் புற்கரணையும் இவற்றிலேயே சேமிக்கப்பட்டன. ஹேர்ட்டாவில் மாத்திரம் 1,200 க்கு மேற்பட்ட கிளீற்றுகளும், ஏனைத் தீவுகளிற் பலவும் இன்றும் காணப்படுகின்றன.

ஞாயிறொழிந்த நாட்களில் ஆடவர் காலையில் ஊர்த்தெருவிலே கூடி, அன்று செய்யவேண்டிய தொழிலை ஆராய்ந்து முடிவு செய்வர். புறத்திருந்து வந்தோர் இதனைப் ‘பாராளுமன்றம்’ என அழைத்தனர். இக்கூட்டத்திற்குத் தலைவரும் இலர். எழுதிய விதியும் இல்லை. பிடித்த பறவைகள் குடும்பங்களிடையே பங்கிடப்பட்டன. மலையில் இறங்க இயலாத முதியோரும் கைம்பெண்டிரும் பங்கிழந்திலர். இவ்வொழுங்கினை அறம் என்று மாத்திரங் கூறின் அமையாது. ஒருவன் கயிற்றை மற்றொருவன் பற்றவேண்டிய ஊரில் அது வாழ்தற்குரிய வழியும் ஆயிற்று.

முன்வந்த இடர்கள்

1727 இல் ஹரிஸ் தீவில் வைசூரியால் மாண்ட ஹேர்ட்டாவாசி ஒருவரின் உடைகளோடு அந்நோய் ஊரினுட் புகுந்தது. அதற்குச் சற்று முன்னர் மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் கனெற் பிடித்தற்பொருட்டு ஸ்ராக் அன் ஆர்மின் பாறையில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களை மீட்டு வருதற்குப் படகு வலிக்க ஊரில் ஆளில்லாது போயிற்று. பறவையையும் முட்டையையும் உண்டு, ஏறக்குறைய ஒன்பது மாதங்கள், குளிர்காலம் முழுவதையும் அவர்கள் அவ்வெறும் பாறையிற் கழித்தனர். 1728 மே மாதத்தில் மீண்டபோது ஊரிற் பெரும்பாலார் மாண்டிருந்தனர். பிழைத்தோரிற் பலர் சிறுவர். பின்னர் நிலத்தலைவர் பிற தீவுகளினின்றும் குடும்பங்களைக் கொணர்ந்து ஊரை மீளக் குடியேற்றினார். ஈண்டு மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. வைசூரி ஊரைப் பெரும்பாலும் அழித்தது. எனினும் ஊர் ஒழியவில்லை. இங்கு வந்து வாழ மனமுடையோர் அக்காலத்திற் கிடைத்தமையே அதற்குக் காரணம்.

1852 இல் 36 பேர், அஃதாவது ஊராரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர், அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுட் பலர் வழியிலும் சென்றடைந்த சின்னாட்களிலும் நோயால் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிறந்த குழந்தைகளுட் பெரும்பங்கினர் எட்டு நாள் அளவில் ஏற்புவலியால் இறந்தனர். அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் அங்குப் பணிபுரிந்த போதகர் அங்கஸ் ஃபிடெஸ், பிரசவ வேளையிற் கிருமிநீக்க முறையைக் கையாளச் செய்து இக்கொடுமையை ஒழித்தார். 1901 இல் 74 பேரும் 1911 இல் 80 பேரும் அங்கிருந்தனர். எனவே இயற்கையின் கடுமைதான் ஊரைக் கலைத்தது எனல் பொருந்தாது. கொடியவை நீங்கி ஊர் சிறிது தழைத்தபின்னரே கலைவு தொடங்கிற்று.

புறவுலகின் வருகை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்னரே உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிய நீராவிக் கப்பல்கள் கோடையில் வரத்தொடங்கின. மக்கள் முட்டையையும் துணியையும் விற்றுக் காசு பெற்றனர். காசோடு தேயிலையும் சீனியும் மாவும் வந்தன. முன்னர்க் கிளீற்றை நோக்கியிருந்த கண்கள் படிப்படியாகக் கப்பலை நோக்கத் தொடங்கின. 1860 இன் புயலின் பின்னர், 1861, 1862 ஆம் ஆண்டுகளிற் பதினாறு புதிய கல்வீடுகள் கட்டப்பட்டன. கனத்த சுவருடைய பழைய இருட்டில்லங்களினும் இவை ஒளி மிகுந்தவை. ஆயின் கூரைத் தகடுகள் காற்றுக்குப் பறந்தன. புறத்திலிருந்து வரும் பொருளின்றி அவற்றைச் செப்பனிடல் இயலாதாயிற்று.

1877 இல் தீவில் அகப்பட்டிருந்த ஜோன் சாண்ட்ஸ் என்னும் பத்திரிகையாளர், உணவுத் தட்டு நேர்ந்தபோது மிதவையொன்றிற் கடிதத்தை வைத்துக் கடலில் விட, அது ஓர்க்னி தீவை ஒன்பது நாளிற் சேர்ந்தது. அதன்பின் ஊராரும் மரத்தைக் குடைந்து கடிதம் வைத்து, ஆட்டின் நீர்ப்பையை மிதவையாகக் கட்டி அனுப்பப் பழகினர். உதவி வேண்டிக் கடலில் மிதக்கவிடும் ‘தபால்’ அவர்தம் புதிய நிலையை நன்கு காட்டுகின்றது.

முதல் உலகப் போர்க் காலத்திற் கடற்படையினர் தீவிற் கம்பியில்லாத் தந்தி நிலையம் நிறுவினர். 1918 மே 15 ஆந் திகதி ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்று அதன்மீது குண்டு பொழிந்தது. மனிதர் எவரும் மாண்டிலர். குண்டினும் வலியது வேறொன்று நிகழ்ந்தது. நாடோறும் செய்தியும் கூலியும் உணவும் வரப்பெற்ற இளைஞர், போர் முடிந்து படையினர் நீங்கியபின், பழைய தனிமையைத் தாங்க மாட்டாராயினர். 1921 இல் 73 ஆகவிருந்த மக்கட்டொகை ஏழாண்டுகளிற் பாதியளவாயிற்று. 1926 இல் இன்புளுவென்சா காய்ச்சலால் ஆடவர் நால்வர் இறந்தனர். 1930 சனவரியில் நோயுற்ற இளம் பெண்ணொருவர் காலத்தாற் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லப்படாது பின்னர் இறந்தமை ஊரார் உள்ளத்தைப் பெரிதும் வருத்திற்று.

குடிபெயர்வு

1930 மே 10 ஆந் திகதி ஊரார் இருபதின்மர் கையொப்பமிட்டு அரசினர்க்கு விண்ணப்பம் அனுப்பினர். ஊரில் எஞ்சியோர் 36 பேரே என்றும், அவருள்ளும் சில ஆடவர் தொழில் தேடிப் பெருநிலம் செல்லத் துணிந்துவிட்டனர் என்றும், செம்மறி மேய்த்து, துணி நெய்து, கைம்பெண்டிரைப் பாதுகாப்போர் அவர்களே ஆதலின் அவர் நீங்கின் ஏனையோர் இன்னொரு குளிர்காலத்தை அங்குக் கழித்தல் இயலாது என்றும் அதிற் கூறினர். உணவில்லை என்றோ நிலம் கொடியது என்றோ அவர்கள் முறையிடவில்லை என்பதை நோக்குக. கயிற்றின் மேல்நுனியைப் பற்ற ஆளில்லை என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம்.

செம்மறிகளும் மாடுகளும் முன்னதாகக் கப்பலில் ஏற்றப்பட்டன. நாய்களைக் கொண்டுசெல்ல வழியின்மையால் அவற்றைக் கல்லைக் கட்டிக் குடாவில் ஆழ்த்தினர். ஓகஸ்ட் 29 ஆந் திகதி காலை, வீடுகளில் விரித்த வேதாகமத்தையும் சிறிது ஓற்ஸ் தானியத்தையும் வைத்துக் கதவடைத்து, 36 பேரும் ஹெயர்பெல் என்னுங் கடற்படைக் கப்பலில் ஏறினர். எழுபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவுஸ்திரேலியா சென்றோர் தொகையும் இதுவே என்பது வியப்புக்குரியது.

பெருநிலத்திற் பலருக்குக் கிடைத்த தொழில் காடுவளர்ப்பு. மரமே முளையாத தீவிற் பிறந்து வளர்ந்தோர்க்கு மரங்களைப் பேணுந் தொழில் அளிக்கப்பட்டது. அன்று எட்டு வயதுச் சிறுமியாகக் கப்பலேறியவரே அத்தீவிற் பிறந்தோருள் இறுதியாக உயிர்வாழ்ந்தவர். அவரும் 2016 இல் தமது 93 ஆம் வயதிற் காலமானார்.

குடியொழிந்த பின்

மக்கள் நீங்கியபின் வீட்டெலிக்கும் வயலெலிக்கும் நேர்ந்தவை ஒப்பிட்டு நோக்கத்தக்கன. வீட்டெலி அடுப்பின் வெப்பத்தையும் சிந்திய தானியத்தையும் நம்பி வாழ்ந்தது. அடுப்பு அவிந்து ஓரிரு ஆண்டுகளுள் அவ்வினம் உலகினின்றே ஒழிந்தது. வயலெலியோ வெளியில் வாழப் பழகியதாதலின் நிலைத்து நின்றது. வெறுவீடுகளினுள்ளும் புகுந்து குடிகொண்டது.

1931 இல் இத்தீவுகளை வாங்கிய பியூற் பிரபு வம்சத்தவர், 1932 இற் சோவேயினின்றும் 107 செம்மறிகளை ஹேர்ட்டாவுக்குக் கொணர்ந்து விடுவித்தார். மேய்ப்பனின்றி அவை பெருகின. சில ஆண்டுகளில் ஏறக்குறைய 2,000 வரை பெருகுவதும், கடுங்குளிர் வந்த ஆண்டிற் புல் போதாமையாற் பாதிக்கு மேல் மடிவதும் வழக்கமாயிற்று. 1985 முதல் ஆய்வாளர் இவற்றை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு ஆராய்ந்து வருகின்றனர். உணவும் தொகையும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் முறையை அறிதற்கு இதனினும் சிறந்த இடம் அரிது.

1957 இல் இத்தீவுகள் ஸ்கொத்லாந்தின் நஷனல் றஸ்ற் என்னும் அறநிலையத்தின் உடைமையாயின. அவ்வாண்டிலேயே ஏவுகணைகளைக் கண்காணிக்கும் றேடார் நிலையமும் ஹேர்ட்டாவில் நிறுவப்பட்டது. யுனெஸ்கோ நிறுவனம் 1986 இல் இயற்கைச் சிறப்பு நோக்கியும், 2005 இற் பண்பாட்டுச் சிறப்பு நோக்கியும் இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பணியாளரும் தொண்டரும் வந்து சுவர்களைச் செப்பனிடுகின்றனர். குடும்பமாகக் குடியிருப்போர் இலர்.

மனிதர் நீங்கினாற் பறவைகள் பெருகும் என எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்ததோ வேறு. பல நூற்றாண்டுகளாக ஆண்டுதோறும் பல்லாயிரம் பறவைகள் பிடிக்கப்பட்டும் கூட்டங்கள் அழிந்தில. எவரும் பிடியாத இந்நாளிலோ பபின், பெற்றெல் முதலிய சில இனங்கள் பெரிதும் குறைந்துள்ளன. கடலில் இரை குன்றுதலும் 2022 இற் பரவிய பறவைக் காய்ச்சலும் போன்ற புதிய இடர்கள் தோன்றியுள்ளன. முன்னைய தீவார், மறுவருடமும் உண்ணவேண்டும் என்னும் நினைவோடு பிடித்தவர்.

முடிவுரை

சென் கில்டாவின் வரலாற்றைப் படிப்போர் சிலர், அதனை முன்னேற்றத்தின் முன் நில்லாது அழிந்த பழமை என்பர். வேறு சிலர், புறவுலகம் கெடுத்த தூய வாழ்வு என்பர். இரண்டும் முழு உண்மை ஆகா. குழந்தைகளைக் காத்த மருத்துவ அறிவும் புறத்திருந்தே வந்தது. இளைஞரை ஈர்த்த கூலியும் புறத்திருந்தே வந்தது. மேலான வாழ்வு தேடி நீங்கியவரைக் குறைகூறல் முறையன்று. ஆயினும் சிறிய ஊரொன்றில் ஒருவன் நீங்குதல் ஒருவனளவில் முடிவதில்லை. படகுக்கு ஒரு துடுப்பும், கயிற்றுக்கு ஒரு பிடியும், கைம்பெண்ணின் வாசலுக்கு ஒரு பங்கும் அவனோடு நீங்குகின்றன. தொகை ஓரெல்லைக்குக் கீழே குறைந்தபின், எஞ்சியோரின் அன்பும் உறுதியும் எத்துணைப் பெரியவாயினும் ஊரைத் தாங்கமாட்டா.

1727 இல் ஒழிந்த ஊரை மீளக் கட்டியெழுப்பியோர் புதிதாய் வந்து குடியேறியவர். 1930 இல் அவ்வாறு வருவார் எவரும் இலராயினர். ஊர்களைப் பற்றிச் சிந்திக்கும் மாணவர், யார் போயினர் என்பதோடு நில்லாது, யார் வந்தனர், வருவார்க்கு ஆண்டு என்ன இருந்தது என்பவற்றையும் வினவுதல் வேண்டும். புவியியலும் வரலாறும் உயிரியலும் ஒருங்கு கற்பார்க்கே அவ்வினாவின் விடை புலனாகும்.